இடது பக்கம் பாப்பாவுக்கு

உட்காருங்கள் டாக்டர். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். சோபாவில் உட்காருங்கள். காபியில் சர்க்கரை கம்மியாகத்தான் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து ஷாஜகான் பாய் காலையிலேயே போன் பண்ணிவிட்டார். "அரசிம்மா, உங்க ஊர்லயே ஒரு லேடி டாக்டருக்கு துப்பாக்கி லைசென்ஸ் ஆகியிருக்கு. செண்பகவல்லின்னு பேரு. பாக்கெட் உறை எதை எடுக்குறதுன்னு கேக்குறாங்க. நான் ஆம்பிளை, எனக்கு பேன்ட் சட்டை கணக்குதான் தெரியும். நீங்க ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்க" என்றார். துப்பாக்கிக் கடை வைத்திருக்கிற மனிதர், என்னிடம் அனுப்புகிறார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போதெல்லாம் வருவதில்லை, அதை விடுங்கள்.

உங்கள் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைத்தது பேப்பரில் பார்த்தேன். அந்தப் பெண் பிரசவத்தில் போனதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? அவர்களுக்கு யாரையாவது அடிக்க வேண்டும். சரி. அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. என்னிடம் எல்லாரும் கேட்டுக் கேட்டு, கேள்வி என்றாலே எனக்குக் காது அடைத்துக்கொள்கிறது.

நீங்கள் இடது கைப் பழக்கமா? டம்ளரை இடது கையால் வாங்கினீர்கள், அதுதான் கேட்டேன். எங்கள் கான்வென்ட்டில் ஒரு பெண் அப்படி இருந்தாள். சிஸ்டர் லியோனி அவளை மாற்றப் பார்த்து, கடைசியில் அவரே விட்டுவிட்டார். முறுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் கையை மடியிலேயே வைத்திருக்கிறீர்கள், கூச்சப்படாதீர்கள். பாப்பா பக்கத்து வீட்டில் விளையாடுகிறாள். அவள் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

முதலில் ஒன்று சொல்கிறேன். எல்லாரும் துப்பாக்கியைப் பற்றியே பேசுவார்கள். என்ன கம்பெனி, எத்தனை குண்டு பிடிக்கும், எவ்வளவு தூரம் போகும். துப்பாக்கி ஒன்றுமில்லை டாக்டர். உறைதான் எல்லாம். உறை சரியாக இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் இன்றைக்கு அந்த ஆடுகிற நாற்காலியை ரிப்பேர் பண்ணிக்கொண்டிருப்பார்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். பைபாஸில் பெட்ரோல் பங்க் வைத்திருந்த தங்கமாரியப்பன். பங்க்குக்குப் பின்னால் உலகநாதனுக்கு ஒரு செங்கல் சூளை. அவன் லாரி எங்கள் இடத்துக்குள் புகுந்துதான் போகும். பெட்ரோல் டேங்க் மூடி மேலேயே ஏறிப் போகும். இவர் சுவர் எழுப்பினார். அவ்வளவுதான் சண்டை. ஒரு சுவர்.

மிரட்டல் வந்த பிறகு இவர் லைசென்ஸ் போட்டுத் துப்பாக்கி வாங்கினார். சின்னதுதான், உள்ளங்கைக்கு ஒரு விரல் நீளம் கூட. ஆனால் உறை வாங்கவில்லை. "எதுக்கு அரசி, பாக்கெட்ல போட்டாப் போச்சு" என்றார். சும்மா பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவார். அது உள்ளே புரளும். உட்கார்ந்தால் தொடையில் இடிக்கும். நடந்தால் அந்தப் பக்கம் பேன்ட் இறங்கும். சாவி, சில்லறை, எல்லாம் அதோடு கிடந்து கலகலவென்று சத்தம். ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தபோது எங்கள் பெரியப்பா மகன், "என்ன மாப்ளே, பாக்கெட்ல வாழைக்காயா? சமையக்காரன் தேடிக்கிட்டு இருக்கான்" என்று கேட்டுவிட்டான். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அதை எடுத்து பீரோவில் என் முகூர்த்தப் புடவைக்கு அடியில் வைத்தார். அதன் பிறகு எடுக்கவில்லை.

அவர்கள் பைக்கில் வந்தபோது நான் பங்க் ஆபீஸ் ரூமில் பாப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உலகநாதனும் அவன் தங்கச்சி புருஷனும். ஹெல்மெட் கூடப் போடவில்லை. இவர் அவர்களைப் பார்த்ததும் கை எங்கே போனது தெரியுமா? வலது பாக்கெட்டுக்கு. அடித்துக்கொண்டு போனது. உள்ளே போய்த் தேடியது. அங்கே ஒரு கர்சீப் இருந்தது. நான் காலையில் மடித்து வைத்த கர்சீப்.

கையில் கர்சீப்போடுதான் விழுந்தார்.

காபி ஆறுகிறது, குடியுங்கள்.

அதனால்தான் சொல்கிறேன், உறை. ஒரு நல்ல உறை இருந்திருந்தால் அது தொடையில் இடித்திருக்காது. வாழைக்காய் மாதிரித் தெரிந்திருக்காது. யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அவரும் பீரோவில் வைத்திருக்க மாட்டார். எல்லாரும் விதி என்கிறார்கள், என் அத்தை ஜாதகம் என்கிறார்கள். நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு தோல் துண்டு. அவ்வளவுதான் விஷயம்.

அவர் போன பிறகு துப்பாக்கியை ஷாஜகான் பாய் கடையில் ஒப்படைத்து, லைசென்ஸை என் பேருக்கு எழுதிக் கேட்டேன். நான்தான் கண்ணால் பார்த்த சாட்சி. உலகநாதன் ஜாமீனில் வந்துவிட்டான். ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. எங்கள் பால்பூத்தில்தான் அவனும் பால் வாங்குகிறான். என்னைப் பார்த்தால் ஒதுங்கி வழி விடுவான். "என்ன மதினி, நல்லாயிருக்கீகளா? பாப்பா வளந்துட்டாளே" என்பான். மரியாதையாகத்தான் சொல்வான். நான் பதில் சொல்வேன். "ம், இருக்கோம்." எனக்குப் பயமெல்லாம் இல்லை டாக்டர். பயம் என்றால் நெஞ்சு படபடக்கும் இல்லையா? எனக்கு ஒன்றும் ஆகாது. கை கால் எல்லாம் யாருடையதோ மாதிரி இருக்கும், அவ்வளவுதான். எனக்கு இருப்பது பாப்பா ஒருத்திதான். அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. வேறு எதைப் பற்றியும் நான் யோசிப்பதில்லை.

சரி, உறைக்கு வருகிறேன். பாக்கெட் உறை வாங்க முதலில் என்ன வேண்டும்? பாக்கெட் வேண்டும். சிரிக்காதீர்கள், இதை ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். நமக்கு எந்தத் துணியில் பாக்கெட் இருக்கிறது? நீங்கள் போட்டிருக்கிறீர்களே, இந்த மாதிரி ரெடிமேடில் இப்போது ரெண்டு பக்கமும் வைத்தே வருகிறது. அதெல்லாம் மெல்லிசுத் துணி. ஒரு போன் தாங்கும். எனக்குப் பள்ளிக்கூட யூனிபாரத்தோடு பாக்கெட் போய்விட்டது. அப்போதும் அதில் கர்சீப்பும் ஜெபப் புத்தகமும்தான் வைக்கலாம். கை வைக்கக் கூடாது. கை உள்ளே போனால் சிஸ்டர் லியோனி ஸ்கேலால் முழங்கையில் ஒரு தட்டு. "கையை வெளியே எடு. உள்ளே என்ன தேடுகிறாய்?"

ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பாய் கூட முதலில் அதைத்தான் சொன்னார். ஹேண்ட்பேக்கை நாம் கடையில் கல்லா மேல் வைப்போம், கோயிலில் தூணோரம் வைப்போம், பிள்ளையைத் தூக்கும்போது யாரிடமாவது கொடுப்போம். பைக்கில் வருகிறவன் பிடுங்கிக்கொண்டு போவான். பாக்கெட்தான் உடம்போடு இருக்கும்.

எங்கள் தெரு டெய்லர் ரமணியக்காவிடம் போனேன். "போனுக்கா?" என்றாள். "கொஞ்சம் பெரிசாக்கா" என்றேன். அளவைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஆழமா? தேங்கா வைக்கப் போறியளா?" என்றாள். சுடிதார் பேன்ட்டில் வைத்துப் பார்த்தோம். நாடா தாங்கவில்லை. நான் ஒரு அம்மிக் குழவியைப் போட்டுச் சோதித்துப் பார்த்தேன், பேன்ட் முழங்காலுக்கு வந்துவிட்டது. ரமணியக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஜீன்ஸ் போடலாம், பெல்ட் போடலாம். ஆனால் புருஷனைச் சாகக் கொடுத்தவள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பால்பூத்துக்குப் போனால் இந்த ஊரில் அதையே ஆறு மாதம் பேசுவார்கள். கடைசியில் ரமணியக்காதான் வழி கண்டுபிடித்தாள். டாப்புக்கு உள்ளே தோளிலிருந்து ஒரு பட்டை இறக்கி, அதில் பாக்கெட்டைத் தொங்கவிட்டாள், கண்டக்டர் பை மாதிரி. பாரமெல்லாம் தோளுக்குப் போய்விடும். பாக்கெட்டுக்குக் காடாத் துணி, ரெண்டு மடிப்பு. நான் இப்போது போட்டிருப்பது அதுதான். ஆமாம், இப்போதும் இருக்கிறது. தெரிகிறதா? தெரியாது. அதற்குத்தான் இந்தப் பாடு.

ஒரு தப்பு நடந்துவிட்டது. லைசென்ஸ் வர நாளாகும் என்று எனக்குத் தெரியவில்லை. பாக்கெட் எல்லாம் தைத்து ரெடி, உள்ளே வைக்கத்தான் ஒன்றும் இல்லை. வெறும் பாக்கெட் இருந்தால் என்ன செய்வோம்? பாப்பாவுக்குப் பால்மிட்டாய் போட்டு வைத்தேன். அவளுக்கு அப்போது மூன்று வயசு. அப்பா எங்கே என்று கேட்கும்போதெல்லாம் ஒன்று. இட்லி சாப்பிட மாட்டேன் என்றால் ஒன்று. இட்லியைப் பார்த்தாலே அழுவாள் அப்போது. அவளே கையை விட்டு எடுத்துக்கொள்வாள். வலது பாக்கெட். நடக்கும்போது கூட விரலைப் பிடிக்க மாட்டாள், பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டுதான் நடப்பாள்.

அப்புறம் லைசென்ஸ் வந்தது. துப்பாக்கியும் வந்தது.

ஷாஜகான் பாய் மேஜை மேல் உறைகளைப் பரப்பினார். நல்லா கேட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் வந்தது இதற்குத்தான். பாக்கெட் உறை என்றால் அது டிரிகரை முழுக்க மூட வேண்டும். எதுவும் உள்ளே போய் அதைத் தட்டிவிடக் கூடாது. சாவிகூட, பேனாகூட. அப்புறம், துப்பாக்கியை இழுத்தால் உறை பாக்கெட்டிலேயே தங்க வேண்டும், கூடவே வந்துவிடக் கூடாது. வெளியே இருந்து பார்த்தால் துப்பாக்கி வடிவம் தெரியவும் கூடாது. பாய் இன்னொன்றும் சொன்னார்: "அந்தப் பாக்கெட்ல வேற எதுவுமே இருக்கக் கூடாதும்மா. ஒரு பஸ் டிக்கெட் கூட."

முதலில் கேன்வாஸ் ஒன்று எடுத்தேன். விலை கம்மி. வீட்டில் வந்து பீரோ கண்ணாடி முன்னால் நின்று இழுத்துப் பார்த்தேன். துப்பாக்கியோடு உறையும் வந்துவிட்டது, காலுறை மாட்டின மாதிரி. அதை நீட்டிக்கொண்டு நான் கண்ணாடியில் நின்ற கோலத்தைப் பார்த்தால் உலகநாதன் சிரித்தே செத்திருப்பான். திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் கெட்டி பிளாஸ்டிக். டிரிகரை நன்றாக மூடுகிறது. ஆனால் எடுக்கும்போது 'டிக்' என்று சத்தம். பாப்பா அந்தச் சத்தத்துக்குத் தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டாள். மென்தோல் ஒன்று பார்த்தேன், பூப்போலத்தான் இருந்தது, ஆனால் துப்பாக்கியை எடுத்ததும் வாய் ஒட்டிக்கொள்கிறது, திரும்ப வைக்க ரெண்டு கை வேண்டும்.

ரெண்டு கை எனக்குக் கிடையாது டாக்டர். ஒரு கையில் பாப்பா இருப்பாள். அதனால்தான் நான் குண்டு ஏற்றியே வைத்திருக்கிறேன். ஏற்றாமல் வையுங்கள் என்றுதான் பாய் சொன்னார். இழுத்து ஏற்றவும் ரெண்டு கை வேண்டும். யாரிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஏற்றுவது?

கடைசியில் கிடைத்ததுதான் இது. கெட்டித் தோல், வெளிப்பக்கம் சதுரமாக ஒரு தோல் துண்டு வைத்துத் தைத்திருக்கிறது. பாக்கெட்டில் இருந்தால் ஜெபப் புத்தகம் மாதிரித்தான் தெரியும். வெளித்தோல் சொரசொரப்பு, துணியைக் கவ்விக்கொள்ளும். துப்பாக்கி மட்டும் வெண்ணெய் மாதிரி வரும்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். சாவி போகாது, பேனா போகாது. பாப்பாவின் விரல்? அவ்வளவு சின்ன விரலை வைத்து எந்தக் கம்பெனிக்காரன் சோதித்திருக்கப் போகிறான்? அதனால் நானே சோதித்தேன். குண்டையெல்லாம் கழற்றி அலமாரிக்கு மேலே வைத்தேன். திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டேன், அதில் நான் கவனம். வெறும் துப்பாக்கியை உறையில் போட்டு, பாக்கெட்டில் வைத்து, பாப்பாவைக் கூப்பிட்டேன். "சஷ்வி, உள்ளே கையை விடு. விட்டு நோண்டு. நல்லா நோண்டு. எங்கயாவது ஓட்டை இருக்கா பாரு." அவளுக்கு அது ஒரு விளையாட்டு. நாக்கைத் துருத்திக்கொண்டு நோண்டுவாள். விரல் போகவில்லை என்றால் ஒரு மிட்டாய். திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் எல்லா உறையையும் அப்படித்தான் பார்த்தேன். கேன்வாஸில் போய்விட்டது. மென்தோலில் நுனி போனது. இதில் போகவே இல்லை. அதனால்தான் இது.

அத்தை அதைப் பார்த்துவிட்டார்கள். என் மாமியார். கதவைத் திறந்து வந்து நின்றவர்கள் தலையில் தலையில் அடித்துக்கொண்டார்கள். "ஏ பிள்ள, உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? எம் மவனத்தான் வாரிக் குடுத்தேன், இதையுமா?" அன்றைக்கு ஏன் அவ்வளவு கத்தினார்கள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. குண்டெல்லாம் அலமாரி மேல் இருந்தது. பாப்பா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த வாரம் அத்தை சாத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். முட்டிவலி, அங்கே வைத்தியம் நன்றாக இருக்கிறதாம். போகும்போது, "பிள்ளையை என் கூட அனுப்பு" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அனுப்பவில்லை. அங்கே அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்? அந்த வீட்டில் ஒரு நாய்கூடக் கிடையாது.

அப்புறம் ஒரு நாள் பால்பூத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு உபயோகப்படும்.

காலையில் கூட்டமில்லை. நான் பால் கவரை வாங்கித் திரும்பினால் உலகநாதன் பாப்பா முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறான். முகத்துக்கு நேராக முகம். "என்ன பாப்பா, மாமா மிட்டாய் வாங்கித் தரட்டா? மாமா கூட வாரியா?" கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கை போனது. வலது பாக்கெட்டுக்கு. அவர் கை போன மாதிரியேதான் போனது. ஆனால் இந்தத் தடவை பாக்கெட் காலி இல்லை. துப்பாக்கி இருந்தது, நல்ல உறை இருந்தது.

பாப்பாவின் கையும் இருந்தது.

"எங்கம்மா பாக்கெட்லயே மிட்டாய் இருக்கு" என்று அவனிடம் சொல்லிவிட்டு உள்ளே கையை விட்டிருக்கிறாள். என் கைக்கு இடமில்லை. அவள் விரல்கள் அதன் மேல், என் விரல்கள் அவள் விரல்கள் மேல். உள்ளே குண்டு ஏற்றியிருந்தது. அவள் பழக்கதோஷத்தில் நோண்டிக்கொண்டிருந்தாள். நான் அப்படியே நின்றேன். அவன் பாக்கெட்டைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். மெதுவாக எழுந்து, "வாரேன் மதினி" என்று போய்விட்டான்.

பார்த்தீர்களா, உறை எவ்வளவு நல்லது. வேறு ஏதாவதாக இருந்திருந்தால்? நினைத்துப் பாருங்கள்.

ஆனால் பாய் சொன்ன விதியை நான் மீறியிருக்கிறேன் என்று புரிந்துவிட்டது. அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. அவள் கையும் கூடாது. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். ரமணியக்காவிடம் இடது பக்கமும் ஒரு பாக்கெட் வைக்கச் சொல்லி, மிட்டாயை அங்கே மாற்றினேன். பாப்பாவுக்குப் பாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்தேன். "வலது பக்கம் அம்மாவுக்கு, இடது பக்கம் பாப்பாவுக்கு." முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் தப்பக் கூடாது. எதிரே நின்றால் பக்கம் மாறும் இல்லையா? அதையும் சொல்லிக்கொடுத்தேன். அழுதாள், குழம்பினாள், விடவில்லை. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். நர்சரி மிஸ் ஆச்சரியப்படுகிறார். "நாலு வயசுல எதிர்ல நிக்கிறவங்க இடது வலதெல்லாம் சொல்றாளே!" யாரைப் பார்த்தாலும் சரியாகச் சொல்வாள். போன வாரம் கேஸ் சிலிண்டர் போட வந்தவர் சட்டையில் இடது பக்கம் கையை விட்டுவிட்டாள். பீடிக்கட்டுதான் இருந்தது. பாப்பா சிரித்தாள். அவர் சிரித்தார்.

வருகிற மாதம் எனக்குச் சாட்சி. வக்கீல் சொல்கிறார், கோர்ட் வாசலில் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். கூண்டில் நான் வெறும் பாக்கெட்டோடுதான் நிற்க வேண்டும். அவன் எதிரே இருப்பான். பரவாயில்லை. உறையையாவது விடுவார்களா என்று கேட்டேன். வக்கீல் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இன்னொரு விஷயம் டாக்டர், இது அனுபவத்தில் வருவது. பாக்கெட்டில் வைத்திருக்கிறவர்கள் அதை அடிக்கடி தொட்டுப் பார்ப்பார்கள். இருக்கிறதா, இருக்கிறதா என்று. அதுதான் காட்டிக் கொடுக்கும். எனக்கு இப்போது யாரைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். பஸ்ஸில் ஒருத்தர் ஏறினால் சொல்லிவிடுவேன். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள், கையை இப்படி மடியில்...

இதோ வந்துவிட்டாள். சஷ்வி, செருப்பை வாசலிலேயே விடு. மண்ணெல்லாம் பார். இங்கே வா, டாக்டர் ஆன்ட்டிக்கு வணக்கம் சொல்லு. கூச்சமா? என்ன கூச்சம், போ, கிட்டப் போ. ஆன்ட்டி ஊசி போட மாட்டாங்க.

பாருங்கள் டாக்டர், பாருங்கள், இதைத்தான் சொன்னேன். எதிரே நின்றுகொண்டு சரியாக உங்கள் இடது பாக்கெட்டில்தான் கையை விடுகிறாள். ஒரு தடவை கூடத் தப்பமாட்டாள். சஷ்வி, ஆன்ட்டி மிட்டாய் கொண்டு வரலைடா, சும்மா...

டாக்டர்?

ஏன் உங்கள் முகம் இப்படி...

கொண்டு வந்திருக்கிறீர்களா?

இடது கை. டம்ளர். நான் பார்த்தேனே. இந்தக் கண்ணால் பார்த்தேனே.

எழுந்திருக்காதீர்கள். அசையாதீர்கள். அவளைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுத்தால் விரல் மாட்டும். உறை இருக்கிறதா? சொல்லுங்கள், உறை போட்டிருக்கிறீர்களா? சும்மாவா? வெறுமனேயா?

சஷ்வி. சஷ்விக்குட்டி. அம்மாவைப் பார். நோண்டாதே. இன்றைக்கு நோண்டுகிற விளையாட்டு இல்லை. கையை அப்படியே வை. சிலை. நர்சரியில் மிஸ் சிலை சொல்வார்களே, அந்தச் சிலை. ஆங். இப்போது விரலை எல்லாம் விரி. பூ மாதிரி விரி. விரிச்சிட்டியா? இன்னும். இப்போ மெதுவா, மெதுவா, பூவை அப்படியே வெளியே எடு. யாரும் அவசரப்படவில்லை. மெதுவா.

கையை வெளியே எடு, சஷ்வி.

எடுத்துவிட்டாள்.

என்னடா? என்ன சொல்கிறாய்? திருப்பிச் சொல்லு.

கேட்டீர்களா டாக்டர்? "இங்க பாப்பாவுக்கு இல்லம்மா. ஆன்ட்டிக்கும் அம்மாவோடதுதான் இருக்கு" என்கிறாள்.

அவளுக்குத் தொட்டாலே தெரிகிறது.

உங்கள் மேல் தப்பில்லை. அழாதீர்கள். நான் சொல்லிக்கொடுத்ததுதான். இடது பக்கம் பாப்பாவுக்கு. அவள் சரியாகத்தான் செய்தாள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை.

முதலில் அதை எடுங்கள். டிரிகரில் விரல் படாமல். அந்த பீரோ மேல் வையுங்கள், உள்ளே தள்ளி, சுவரோரமாக. சரி. தள்ளிக்கொள்ளுங்கள், நானும் வைக்கிறேன்.

பார்த்தீர்களா, எவ்வளவு சுலபமாக வந்தது. உறை உள்ளேயே தங்கிவிட்டது. வாங்கின நாளிலிருந்து இன்றைக்குத்தான் முதல் தடவையாக நிஜமாக எடுக்கிறேன். நல்ல உறைதான். அதில் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஷாஜகான் பாய்க்கு நீங்களே போன் போடுங்களேன். வந்து ரெண்டையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். என் பேரைச் சொன்னால் வருவார். சாத்தூருக்கும் ஒரு போன் போட வேண்டும், அத்தைக்கு. நான் அப்புறம் பேசுகிறேன். என்ன சொல்வதென்று யோசித்துவிட்டு.

இந்தா சஷ்வி, மிட்டாய். சரியாச் சொன்னியே, அதுக்கு. இரு, அம்மா பிரித்துத் தருகிறேன். இந்தப் பேப்பர் வழுக்குகிறது. இரு. டாக்டர், என் கையைப் பாருங்கள். இது என்ன இப்படி ஆடுகிறது? அவர் விழுந்தபோது கூட ஆடவில்லை. போலீஸ்காரர் கையெழுத்து வாங்கினபோது கூட. இத்தனை நாள் கழித்து, ஒரு பால்மிட்டாய்ப் பேப்பர் பிரிக்க வரவில்லை எனக்கு. நீங்கள் பிரித்துக் கொடுங்கள்.

உங்களுக்கும் வரவில்லையா?

கொடுங்கள், அவளிடமே கொடுங்கள். அவள் பல்லால் கடித்துப் பிரித்துக்கொள்வாள்.